மழை பெஞ்சாலே அம்மா எந்திரிச்சு வாசல்ல போய் உக்காந்துடறாங்க, இது மனநோயா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மதுரை செல்லூர்ல வீடு, 2024 அக்டோபர் 25 அன்னைக்கு தண்ணி உள்ள வந்து இடுப்பளவு நின்னுச்சு, இப்ப மூணு மாசம் ஆகப்போகுது, வீட்ட கழுவி பெயிண்ட்டும் அடிச்சாச்சு. ஆனா அம்மா மட்டும் ராத்திரி தூறல் விழுந்தாலே எந்திரிச்சு வாசப்படிகிட்ட போய் உக்காந்துக்கறாங்க, மடில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் பூராவும். பொங்கலுக்குக் கூட முகத்துல களை இல்ல. தண்ணிதான் வடிஞ்சிருச்சேன்னு நீங்க கத்தியும் பாத்துட்டீங்க. இது மனநோயா, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணுமா, நாள் போனா தானா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. கடைசில போற போக்குல ஒரு வரி, தறி ரெண்டும் போனதுலருந்து அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல, முன்ன எப்பவாவது குடிப்பாரு இப்ப தினமும்னு. நான் புரிஞ்சுகிட்டவரைக்கும் நீங்க கேக்கறது எது வரைக்கும் சாதாரணம், எங்க இருந்து வைத்தியம்ங்கறதுதான். பெத்த தாய் மேலயே ஏன் இப்படி எரிஞ்சு விழறேன்னு இன்னொரு கேள்வியும் உள்ள இருக்கு, அத நீங்க வாய்விட்டு கேக்கல, எழுத்துல தெரியுது.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். டாக்டர் கிடையாது, மாத்திரை எழுதற அதிகாரம் எனக்கு இல்ல. மதுரைலதான் மனநலப் பிரிவுல சோசியல் வொர்க்கரா இருபது வருஷத்துக்கு கிட்ட வேல பாக்கறேன். எம்.எஸ்.டபிள்யூ, அதான் சமூகப்பணி படிப்பு, படிச்சுட்டு இருந்தப்ப சுனாமி வந்துச்சு, எங்க பேட்ச்ச அப்படியே நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏத்தி விட்டாங்க, போய் இறங்குன அன்னைக்கு எங்களுக்கே கை கால் ஆடுச்சு, யாருக்கு யாரு ஆறுதல் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சுல்ல, அப்பவும் தூத்துக்குடி பக்கம் மூணு வாரம் இருந்தேன். அதுனால இங்க சொல்றதுல பாதி படிச்சது, பாதி பாத்தது. உங்க அம்மாவ நேர்ல பாக்காம இதுக்கு ஒரு நோய்ப் பேர் வைக்க என்னால முடியாது, வேற யாராவது இத படிச்ச உடனே பேர் வச்சா அதையும் நம்பாதீங்க.

உறுதியா சொல்லக்கூடியது சிலது இருக்கு. பெரிய ஆபத்துக்கு அப்புறம் முதல் ஒரு மாசம் தூக்கம் வராம இருக்கறது, சின்ன சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடறது, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வர்றது, சோறு எறங்காதது, இதெல்லாம் உடம்பு தன் வேலைய செய்யுதுன்னு அர்த்தம். ஒருதடவ உயிர் பயத்த பாத்த மூள, அன்னைக்கு கூட இருந்த சத்தம் வாடை எல்லாத்தையும் சேத்து முடிஞ்சு வச்சுக்குது. அதுல ஒண்ணு திரும்ப வந்தாலும் யோசிக்கறதுக்கு முன்னாடியே நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிடும். தகர ஷீட்டுல தூறல் விழுகற சத்தம், சாக்கடைத் தண்ணி வாடை, இதெல்லாம் அம்மாவுக்கு இப்ப மணி அடிச்ச மாதிரி. பெரும்பாலானவங்களுக்கு இது வாரக்கணக்குல, மிஞ்சிப் போனா சில மாசத்துல பைய பைய குறைஞ்சிடும், எந்த கவுன்சிலரும் தேவைப்படாது. சிலருக்குத்தான் நின்னுக்கும். ஒரு மாசம் தாண்டியும் அந்த நினைப்பு வந்து அறையறது, அது சம்பந்தப்பட்டத பூராவும் ஒதுக்கறது, மனசு மரத்துப் போறது, எந்நேரமும் உஷாராவே இருக்கறது, இந்த நாலும் சேந்து அன்னாட வேலையையே கெடுத்தாத்தான் டாக்டருங்க பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் நின்னுக்கற மனநோய்னு யோசிப்பாங்க. அம்மாவுக்கு மூணு மாசம் ஆகப்போகுதுங்கறதுனால ஒருதடவ காட்டறது நல்லதுன்னுதான் சொல்வேன். ஆனா அதுக்கு முன்ன நீங்களே ஒண்ணு கவனிங்க. மழை இல்லாத ராத்திரி அவங்க தூங்கறாங்களா? பகல்ல சமைக்கறாங்களா, கடைக்குப் போறாங்களா, பக்கத்து வீட்ல போய் ரெண்டு வார்த்தை பேசறாங்களா? இதெல்லாம் நடக்குது, மழை ராத்திரி மட்டும்தான் இப்படின்னா எனக்கு பெரிய கவலை இல்ல. வெயிலடிக்கற நாள்லயும் வீட்ட விட்டு நகர மாட்டேங்கறாங்க, மழை இல்லாமலே ராத்திரி பூரா முழிச்சு கெடக்காங்கன்னா தள்ளிப் போடாதீங்க.

அடுத்து சொல்றது உங்களுக்குக் கொஞ்சம் கோவம் வரலாம். அம்மா பயத்துல பாதி சரியான பயம். அன்னைக்கு மதுரைல சாயங்காலத்துக்குள்ள கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் பெஞ்சுச்சு, அதுலயும் பாதி கொஞ்ச நேரத்துல கொட்டுனது, பந்தல்குடி வாய்க்கால் தாங்கல, வீதி பூரா தண்ணி. அந்த வாய்க்கால் இன்னும் அங்கனதான ஓடுது? அடுத்து அதே மாதிரி பெஞ்சா தண்ணி வராதுன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா? முடியாது. அது அம்மாவுக்கும் தெரியும். அதுனாலதான் "ஒண்ணும் ஆகாது, போய் படுங்க"ன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் இந்த வீட்ல காவலுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்னு அவங்களுக்குத் தோணுது. நீங்க பயப்படாத அளவுக்கு அவங்க ரெண்டு பங்கு பயப்படறாங்க. இத நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன்.

அதுனால வாதாடாதீங்க, ஏற்பாடு பண்ணுங்க. அன்னைக்கு தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்து எவ்வளவு நேரத்துல உள்ள ஏறுச்சுன்னு அம்மாகிட்டயே கேளுங்க, அவங்களுக்கு நிமிஷக் கணக்கா ஞாபகம் இருக்கும். வாசல் சுவத்துல செங்கல் கட்டியால ஒரு கோடு போடுங்க, தண்ணி இதத் தொட்டா நம்ம கெளம்பறோம்னு. எங்க போறோம், மாடி வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே பேசி வச்சாச்சா, கேஸ யார் மூடறது, மெயின் சுவிட்ச யார் ஆஃப் பண்றது, எல்லாம் முடிவு பண்ணுங்க. மஞ்சப்பைய பிடுங்காதீங்க. உள்ள இருக்கறத ஒண்ணொண்ணா போட்டோ எடுத்து போன்ல ஏத்திட்டு, ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அதே பைக்குள்ள வச்சு பரண்ல ஒரு ஆணில மாட்டுங்க. மழை பெய்யற ராத்திரி நீங்க எந்திரிச்சு, அம்மாவையும் கூட்டிட்டுப் போய், கோட்ட ஒருதடவ பாத்துட்டு, "இப்ப தண்ணி இல்ல, ரெண்டு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன், நான் பாக்கறேன், நீங்க படுங்க"ன்னு சொல்லுங்க. சொன்ன மாதிரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கவும் செய்யணும். மொத நாளே தூங்கிட மாட்டாங்க. நாலஞ்சு மழை ஆகும். மனசுல ஒண்ணு நல்லா பதிய வச்சுக்கங்க, இது பயத்துல சரியான பாதிக்கு மட்டும்தான் மருந்து, மிச்ச பாதி இருந்தா அது வேற வழியிலதான் குறையும்.

வாட்ஸப்புல வர்றத அம்மா கைக்குப் போகாம பாத்துக்கங்க. நாகப்பட்டினத்துல சுனாமி வந்து நாலாம் நாள், 2004 டிசம்பர் 30, இன்னொரு அலை வருதுன்னு தப்பா எச்சரிக்கை போய் கடற்கரை பூரா சனம் திரும்ப ஓடுச்சு. நாங்க போனப்ப பலபேரு மொத அலைய விட அந்த ரெண்டாவது ஓட்டத்தப் பத்திதான் அதிகம் பேசுனாங்க. இங்கயும் மழை வந்தா வைகை அணைய தொறந்துட்டான்னு ஒருத்தன் கெளப்பி விடுவான். அணையோட முழு உயரம் 71 அடி, 66 அடி வந்தா மொத எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது, அதெல்லாம் கரையோரத்துல இருக்கறவங்களுக்கு முறையா சொல்லிட்டுத்தான் நடக்கும். உங்க வீட்டுக்குள்ள வந்தது வாய்க்கால் தண்ணி, அணைத் தண்ணி இல்ல. இந்த வித்தியாசத்த அம்மாவுக்கு உக்காந்து சொல்லுங்க. எங்கிட்டிருந்து வரும்னு தெரிஞ்ச பயம் கொஞ்சம் சின்னதாகும்.

நெறைய பேரு அவங்கள மனசு விட்டு பேச வைங்கன்னு சொல்வாங்க. இதுல நான் மாறுபடறேன். முன்ன பல நாட்டுல, பேரிடர் நடந்த சூட்டோட எல்லாரையும் உக்கார வச்சு நடந்தத ஒண்ணு விடாம சொல்ல வைக்கற பழக்கம் இருந்துச்சு. அப்புறம் ஆராய்ஞ்சு பாத்தா பலன் ஒண்ணும் பெருசா இல்ல, சிலருக்கு கெடுதலே ஆயிருந்துச்சு, அதுனால உலக சுகாதார நிறுவனமே இப்ப அத செய்ய வேணாம்னு சொல்லுது. அதுக்குப் பதிலா அவங்க 2011-ல போட்ட வழிகாட்டில இருக்கறது ரொம்ப சாதாரணமான விஷயம்தான், பாக்கணும், கேக்கணும், தேவையான இடத்தோட கோத்து விடணும். பேசுனா கேளுங்க, பேசலன்னா நோண்டாதீங்க. அந்த தூத்துக்குடி வெள்ளத்தப்ப ஏரல் பக்கம் பாத்த ஒரு மளிகைக் கடைக்காரர் ஞாபகம் வர்றாரு. கடை பூரா போச்சு, அவர் அழவும் இல்ல, யார்கூடயும் பேசவும் இல்ல. கடன் நோட்டு ஊறி ஒட்டிப்போனத பைய பிரிச்சு, தாள் தாளா கொடில துணி கிளிப் போட்டு காயவச்சுட்டு இருந்தாரு. நான் பக்கத்துல போய் நின்னேன், கவுன்சிலிங் பண்ணத்தான் போனேன். அவரு ஒரு தாள நீட்டி "சார், இது 340-ஆ 840-ஆ?"ன்னாரு. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் மை கலைஞ்ச நம்பர வாசிச்சுகிட்டு இருந்தோம். கெளம்பறப்ப "நாளைக்கும் வாங்க, இன்னும் பாதி இருக்கு"ன்னாரு. மூணாம் நாள்தான் அவரா பேசுனாரு, தண்ணி வந்த ராத்திரி பத்தி.

அம்மா விஷயத்துலயும் எனக்கு அதே மாதிரி ஒண்ணு தோணுது. சாமான் பூராவும் வாங்கிட்டோம், சுவத்துல இருந்த பாட்டி போட்டோதான் ஊறிப் போச்சு, அது ஒரே காப்பின்னு எழுதியிருக்கீங்க. தண்ணி வந்தது தீபாவளிக்கு ஆறு நாள் முன்ன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா எந்தப் போட்டோ முன்னாடி எல போட்டு படைச்சாங்க? பொங்கல்ல களை இல்லன்னீங்களே, எனக்கென்னவோ அது பயம் மாதிரி தெரியல, துக்கமா தெரியுது. ரெண்டும் வேற வேற. பயத்துக்கு ஏற்பாடு வேணும், துக்கத்துக்கு அத துக்கம்னு யாராவது ஒத்துக்கணும். ஒரு போட்டோவுக்கு போய் இப்படியான்னு நீங்க நெனச்சாலும் வெளில சொல்லிடாதீங்க. சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாண ஆல்பத்துல பாட்டி எங்கயாவது கூட்டத்துல நின்னுருப்பாங்க, அத போன்ல எடுத்து ஸ்டுடியோல குடுத்தா முகத்த மட்டும் பிரிச்சு பெருசு பண்ணித் தருவாங்க. தேடறதுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. போட்டோ கெடைக்கலன்னாலும் நாலு வீட்டுக்குப் போயிட்டு வந்திருப்பாங்க.

சின்னச் சின்ன விஷயங்கள வேகமா சொல்லிடறேன். தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவறாங்கன்னா தடுக்க வேணாம், ஆனா அந்த வாடையே வெள்ளத்த ஞாபகப்படுத்தும், வேற ஏதாவது வாங்கிக் குடுங்க. நெஞ்சு படபடன்னு வர்றப்ப மூச்ச இழுக்கறத விட விடறத நீளமா விட்டா அந்த நேரத்துக்கு தணியும், நோயெல்லாம் அதுல போகாது. பகல்ல ரொம்ப நேரம் படுக்க விடாதீங்க, சாயங்காலத்துக்கு மேல காப்பி டீ வேணாம். பக்கத்துல யாராவது "பயந்திருக்கா, மந்திரிச்சு விடு"ன்னு சொல்லிருப்பாங்க. கூட்டிட்டுப் போங்க, தப்பே இல்ல, நம்பிக்கை இருக்கறவங்களுக்கு ஒருத்தர் தலைல கை வச்சு திருநீறு பூசறது ஆறுதல்தான். டாக்டர்கிட்ட போறத அது தடுக்கக் கூடாது, அம்புட்டுதான். ஆனா மெடிக்கல் ஷாப்புல சும்மா கேட்டு தூக்க மாத்திரை வாங்கிக் குடுக்கறதுக்கு மட்டும் நான் கண்டிப்பா எதிரி. அந்த வக மாத்திரை சீக்கிரமே பழகிடும், வயசானவங்க ராத்திரி எந்திரிச்சா தடுமாறி விழுவாங்க, அதிர்ச்சிக்கு அது வைத்தியமும் இல்ல. டாக்டர் பாத்து குடுக்கற மருந்து வேற, அது வேல செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், பழக்கமாகிடும்னு பயப்பட வேண்டியதில்ல, நடுவுல நிறுத்தறதுன்னா மட்டும் கேட்டுட்டு நிறுத்தணும். மருந்தே இல்லாம, பயந்த விஷயத்த கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்ள வைக்கற பேச்சு சிகிச்சையும் உண்டு, பெரும்பாலும் சில வாரத்துல முடியறது, அத பயிற்சி எடுத்தவங்கதான் பண்ணணும். நீங்களா அம்மாவ மழைல நிறுத்தி பழக்கறேன்னு எறங்கிடாதீங்க.

இப்ப உங்க எரிச்சல். அன்னைக்கு தண்ணில நின்னு சாமான தூக்குனது நீங்க, சேறு அள்ளுனது நீங்க, நிவாரணத்துக்கு வரிசைல நின்னு, ஒரு ஆஃபீஸ்ல ஜெராக்ஸ் பத்தலன்னு மூணு தடவ திருப்பி அனுப்ப, லீவு போட்டு திரும்பப் போனதும் நீங்கதான்னு எழுதியிருக்கீங்க. நடுவுல எப்பவாவது உக்காந்தீங்களா? தண்ணி ஒரு நாள் அடிக்குது, அதுக்கப்புறம் வர்ற மனு, வட்டி, வரிசை மாசக்கணக்கா அடிக்குது. என் அனுபவத்துல ஆளுங்க ஒடியறது பெரும்பாலும் இந்த ரெண்டாவதுலதான். பயம் உங்களுக்கும் இருக்கு தம்பி, அம்மாவுக்கு அது முழிப்பா வருது, உங்களுக்கு கோவமா வருது. கத்துனதுக்கு ஒருதடவ மன்னிப்பு கேட்டுட்டு விடுங்க, அதையே நெனச்சு உருகாதீங்க. வாரத்துல ஒரு சாயங்காலம் இந்த வீட்டுப் பிரச்சனை எதுவும் பேசாத ஆளோட எங்கயாவது போங்க.

நான் பயப்படறது அப்பாவுக்குத்தான். நீங்க ரெண்டு பக்கம் அம்மாவப் பத்தி எழுதி அவருக்கு ஒரே வரி குடுத்திருக்கீங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான், சத்தம் போடறவங்க கண்ணுல படுவாங்க, சத்தம் நின்னு போனவங்க படமாட்டாங்க. தறி போன மனுசனுக்கு தொழில் மட்டுமா போச்சு, மோட்டார் ஊறிப் போச்சு, பாவு வீணாச்சு, நூல் கடன் நிக்குது, காலைல எந்திரிச்சா போக வேண்டிய இடமே இல்ல. குடிச்சா சீக்கிரம் தூக்கம் வரும், ஆனா நடுராத்திரிக்கு மேல அதுவே தூக்கத்த கெடுக்கும், மறுநாள் மனசு இன்னும் எறங்கும். அவரு வட்டிக்கு எவ்வளவு வாங்கியிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா? அவமானத்துல வீட்ல சொல்லாம வச்சிருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி குடிச்சப்ப வேணாம், வெள்ளென டீ குடிக்கறப்ப தனியா உக்காந்து நேரடியாவே கேளுங்க: "அப்பா, வாழ்க்கையே வேணாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டா நாமளே அந்த எண்ணத்த விதைச்சதா ஆகிடுமோன்னு பயப்படுவீங்க, ஆகாது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல, கேட்டா பாரம் எறங்கும். ஆமான்னு சொன்னாலோ, பதில் சொல்லாம தலையக் குனிஞ்சாலோ, "நான் இல்லன்னா நீ பாத்துக்க"ன்னு பேச ஆரம்பிச்சாலோ அவர தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, தினமும் நெறைய குடிக்கறவர ஒரே நாள்ல நிறுத்து நிறுத்துன்னு நிறுத்த வைக்காதீங்க, கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரைக்கும் போகலாம், அதையும் டாக்டர் பாத்துதான் நிறுத்தணும்.

எங்க போறதுன்னா, பெரியாஸ்பத்திரில, அதான் அரசு ராஜாஜி மருத்துவமனைல, மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கு, செல்லூர்லருந்து பக்கம்தான், சீட்டு போட வெள்ளனயே போயிடுங்க. போன்ல பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க, தமிழ்நாட்டு சுகாதார உதவி எண் 104-லயும் பேசலாம். அப்பா "நான் என்ன பைத்தியமா"ன்னு கேட்பாரு, மொதல்ல அம்மாவ காட்டப் போறோம், துணைக்கு வாங்கன்னு கூட்டிட்டுப் போங்க, அங்க போனதும் அவர் குடியப் பத்தியும் பேச்ச பத்தியும் நீங்க தனியா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பாதி பேர இப்படித்தான் நாங்க பாக்கறோம். போறதுக்கு முன்ன ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, அம்மா எத்தன மணிக்கு படுத்தாங்க, எப்ப எந்திரிச்சாங்க, அன்னைக்கு மழை இருந்துச்சா, அப்பா எவ்வளவு குடிச்சாரு, சாப்பிட்டாரா. அந்த ஒரு பக்கத்த டாக்டர் கைல குடுங்க. வரிசைல நின்னு உள்ள போனதும் நமக்கு எல்லாம் மறந்துடும்.